எஞ்சின் ஆறும் வரை

"அக்கா, அண்ணனைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு. யார் மனசும் நோகாம எழுது" என்று சொல்லிவிட்டுத் தம்பி அச்சகத்துக்குப் போய்விட்டான். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவள் நான். யார் மனமும் நோகாமல் எழுத எனக்கு வராது. அண்ணனுடைய முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

போன வருடம் அண்ணனை எடுத்த அன்று, பங்காளிகள் வாய்க்கரிசி போட்டு முடித்த பிறகு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அரிசியைக் கையில் எடுத்தார். அவர் யார் என்று தெரிந்ததும் என் சித்தப்பா மகன் அவர் கையைப் பிடித்தான். "நம்ம வாயில மண்ணைப் போட்ட வீட்டு ஆளு, எங்க அண்ணன் வாயில அரிசி போடறதா?" என்று கத்தினான். நான்தான் "விடுறா, போடட்டும்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வருடமாக, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து அதைத்தான் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

வீரசோழன் ஆற்றங்கரையில், குத்தகைக்கு உழுத குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் எங்கள் அண்ணன். அடுத்து நான், கடைசியில் தம்பி. வாய்க்காலுக்குத் தெற்கே ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், அப்பா குத்தகையாகப் பார்த்து வந்தார். தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு ஆட்கள்தான் அதில் நட்டு அறுத்தது. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். படிப்பு வராமல் இல்லை, ஒரு சட்டையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு பட்டறையில் ஆறு வருடம் இருந்து தொழில் கற்றார். திரும்பி வந்து மாயவரம் கடைத்தெருவை ஒட்டிய சந்தில், ஒரு பூவரச மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தார்.

அவரிடம் வண்டி விட்டவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். டாப்பட் வைக்க வேண்டும் என்று யார் வந்தாலும், "வண்டியை நிறுத்திட்டுப் போங்க, ஆறட்டும்" என்பார். எஞ்சினுக்குள் இரண்டு வால்வு இருக்கிறது. ஒன்று பெட்ரோலும் காற்றும் உள்ளே போக, இன்னொன்று புகை வெளியே போக. அவற்றைத் தள்ளித் திறக்க ஆளுக்கொரு கம்பி. மூடியிருக்கும்போது கம்பி வால்வின் மேல் அழுந்தக் கூடாது, மயிரிழை அளவு விட்டு நிற்க வேண்டும்; அந்த இடைவெளியைச் சரிசெய்வதுதான் டாப்பட் வைப்பது. ஓடும்போது இரும்பு சூடாகி நீளும், அந்த நீளத்துக்கு இடம் விடாவிட்டால் வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அளவு வைத்தால் ஆறியதும் அந்த அளவு தப்பாகிவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அண்ணன் சோறு தின்னும்போதுகூட இதைத்தான் பேசுவார். போலீஸ் இன்ஸ்பெக்டரையும் அப்படித்தான் உட்கார வைத்தார். என் கணவரையும் ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார். சோறு கொண்டுபோன என்னை அவர் பார்த்தது அப்போதுதான். ஆகையால் அந்த விதிமேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆட்சி மாறி, குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று டீக்கடைகளில் பேச ஆரம்பித்திருந்த காலம். சட்டம் காகிதத்தில் வந்துவிட்டது, வரப்புக்கு வரத்தான் நாளாயிற்று. பெயரைப் பதிந்துகொண்டால் நிலம் தங்கும் என்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் வந்து சொன்னார்கள். அப்பா மனு எழுதிக் கொடுத்தார். அது தெரிந்ததும் நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார், "இந்த வருஷம் பண்ணை ஆளே அறுக்கும், குத்தகைக்காரன் வயல்ல கால் வைக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். நட்டது நாங்கள், களை எடுத்தது நாங்கள், பயிர் தலைசாய்ந்து நிற்கிறது. அறுக்க மட்டும் அவர்களாம்! அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் வரப்பு வரப்பாக ரத்தம் விழுந்திருந்தது. காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம் திரும்புவாரா என்று பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்த காலம் அது.

தை மாதம் ஒரு காலை. விடியும்போதே அப்பா வயலில் இறங்கிவிட்டார். ஊரே கூட இறங்கியது. எட்டு மணி வாக்கில் மேற்கே ரோட்டில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் மிராசுதார் வரவழைத்த வெளியூர் ஆட்கள், நாற்பது பேருக்குக் குறையாது. கையில் கம்பும் அரிவாளும். ஆனால் யாரும் இறங்கவில்லை. முதலாளி நேரில் வந்து சொன்னால்தான் இறங்குவோம், இல்லாவிட்டால் வழக்கு எங்கள் தலையில் விழும் என்று லாரியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வாசலிலிருந்து உள்ளே ஓடினார். ஒரு தூக்கில் பழையதைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணன்கிட்டப் போயி லாரி வந்துருச்சுன்னு சொல்லு. தாசில்தார் ஆபீசுக்கு யாரையாச்சும் ஓடச் சொல்லு. போடி, நிக்காத."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பஸ்ஸைப் பிடித்து மாயவரத்தில் இறங்கி, சந்துக்குள் ஏறக்குறைய ஓடினேன். பட்டறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே பெஞ்சில் மிராசுதார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தர். நடுவில் அவருடைய மோட்டார் சைக்கிள், ஸ்டாண்டு போட்டு நின்றது. அதன் பக்கத்தில் குந்தியபடி, கையில் வெறும் துணியோடு, அண்ணன்.

நடந்தது இதுதான். மிராசுதாருக்கு வண்டியின் டாப்பட் போடும் டிக்டிக் சத்தம் பிடிக்காது. முந்தின வாரம் காரியஸ்தர், எஜமானை மகிழ்விக்க, தானே ஸ்பேனரைப் போட்டு அந்தச் சத்தம் அடங்கும் வரை இறுக்கிவிட்டார். சத்தம் அடங்கியது. அன்று காலை வயலுக்குக் கிளம்பிக் கடைத்தெரு தாண்டுவதற்குள் சைலன்சர் பட் பட்டென்று வெடித்து எஞ்சின் நின்றுவிட்டது. உதைத்தால் கிக்கர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியதாம். தள்ளிக்கொண்டு வந்து அண்ணனிடம் விட்டிருக்கிறார்கள். அண்ணன் பார்த்தவுடன் சொல்லியிருக்கிறார்:

"சத்தம் போடுற டாப்பட்டு ஒண்ணும் பண்ணாதுங்கய்யா. சத்தம் போடாததுதான் வால்வை எரிக்கும். அளவு வச்சுத் தரேன். ஆனா ஆறணும்."

இதற்குள் காரியஸ்தர் அவர் காதில் குனிந்து, "இவன் அந்தத் தெக்கு வயல் குத்தகைக்காரன் மவன்தாங்க, வேற எடத்துக்குக் கொண்டு போயிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். "கையி நல்ல கையின்னு ஊரே சொல்லுது, இங்கேயே இருக்கட்டும்" என்று மிராசுதார் உட்கார்ந்துவிட்டார். ஆக, எங்கள் அப்பாவை அடித்து விரட்டப் போகிற மனிதர் பெஞ்சில். அவர் போக வேண்டிய வண்டி எங்கள் அண்ணன் கையில். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரைக்கு மேல்.

சொல்ல வந்ததை எப்படிச் சொல்வது? "சோத்தை அங்க வை" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். தூக்கை வண்டிக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தேன். கால் தடுமாறியது. விழாமல் இருக்க எதையோ பிடித்தேன். பிடித்தது எஞ்சினை.

அது ஜில்லென்று இருந்தது. சூடு என்று பேருக்குக்கூட இல்லை.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். எலும்பு வலிக்கிற பிடி. "சுடும். தொடாத" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண் என்னை அடித்துவிடும்போல இருந்தது.

"இன்னும் சூடாவா இருக்கு, தம்பி?" என்று பெஞ்சிலிருந்து மிராசுதார் கேட்டார்.

"இருக்குங்கய்யா."

"இம்மா நேரமா? நான் பாக்குறேன்" என்று காரியஸ்தர் எழுந்தார். அவர் கை அந்த எஞ்சினில் பட்டால் அண்ணன் கதை அங்கேயே முடிந்தது, அப்பா கதை வயலில். ஆனால் மிராசுதார் உறுமினார்.

"யோவ், உக்காருய்யா! மெக்கானிக்கு அவனா, நீயா? நீ கை வச்ச லட்சணத்துலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

காரியஸ்தர் உட்கார்ந்தார். நான் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அவர் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

சைக்கிளில் ஒருவன் மூச்சிரைக்க வந்தான். "அய்யா, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. பாதி வயலை அறுத்துட்டானுங்க. நீங்க வந்தாத்தான் இறங்குவோங்கறாங்க. கேரியர்ல உக்காருங்க, நான் மிதிச்சுட்டுப் போறேன்."

"ஏன்டா, நான் கேரியர்ல தொத்திக்கிட்டு வந்து எறங்கறதா? எவனாவது மதிப்பானா?"

"வில்வண்டி கட்டச் சொல்லவாங்க?"

"வண்டி சரியாகட்டும். வண்டியிலதான் வருவேன். போய்ச் சொல்லு."

அவன் போனான். என்ன திமிர் இந்த ஆளுக்கு என்று நினைத்தேன். அந்தத் திமிர்தான் அப்பாவைக் காப்பாற்றுகிறது என்றும் நினைத்தேன். சற்று நேரம் கழித்து, "என்ன தம்பி, இப்ப?" என்றார் மிராசுதார். "இன்னும் சூடுதாங்க" என்றார் அண்ணன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மிராசுதார்தான் முதலில் முகத்தைத் திருப்பினார்.

ஒரு மணிக்கு அந்தச் சைக்கிள்காரன் திரும்பி வந்தான். இந்த முறை மெதுவாகத்தான் மிதித்து வந்தான். "முடிச்சுட்டாங்கய்யா. கட்டெல்லாம் களத்துக்குப் போயிருச்சு. சங்கத்துக்காரங்க சொல்லித் தாசில்தார் ஜீப்பு வந்து நிக்குது. லாரி திரும்பிருச்சு."

மிராசுதார் பெஞ்சிலிருந்து எழுந்தார். மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இப்ப ஆறியிருக்குமா?"

"இப்ப ஆறிருச்சுங்க."

கால் மணி நேரத்தில் அண்ணன் வேலையை முடித்தார். எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, இரண்டு வால்வும் மூடி நிற்கிற இடத்துக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்தார். ஒரு கம்பியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு ஸ்பேனர் போட்டு நட்டைத் தளர்த்தினார், கொஞ்சம் திருகினார், மறுபடி உருட்டினார். இப்போது கம்பி தடையில்லாமல் சுழன்றது, மேலும் கீழும் கண்ணுக்குத் தெரிய ஆடவில்லை. நட்டை இறுக்கினார். இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும் என்று மீண்டும் உருட்டிப் பார்த்தார். அடுத்த கம்பிக்கும் அதே மாதிரி. முதல் உதையிலேயே வண்டி எழுந்தது. தடதடப்புக்கு நடுவே மெல்லிசாக டிக்டிக்.

"சத்தம் இருக்கே தம்பி?"

"இருக்கணுங்கய்யா."

மிராசுதார் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். வயல் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அவர் போனதும் அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "நீ தொட்டதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டயும். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு." பண்ணினேன். பட்டறைக்கு ஆபத்து வரும் என்றுதான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் டீக்கடை முன்னால் ஊரே கூடி நின்றது. செய்தி அதற்குள் பரவியிருந்தது. அப்பா முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அண்ணன் தோளில் கை போட்டு, "எம்மவன் புடிச்சு உக்கார வச்சுட்டான்ல! அப்பனுக்காகச் சிங்கத்தையே கட்டிப் போட்டுட்டான்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணன் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. எஞ்சின் சூடா இருந்துச்சு. ஆறியிருந்தா வேலையை முடிச்சுக் குடுத்திருப்பேன்."

கை தட்டல் நின்றது. அப்பா தோளிலிருந்து கையை எடுத்தார். "முடிச்சுக் குடுத்திருப்பியா? நான் வயல்ல நிக்கிறது தெரிஞ்சும்?"

"தொழிலுப்பா."

அப்பா துண்டை உதறிக்கொண்டு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருடம் அவர் அண்ணனிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. நிலம் பதிவாகி அப்பா பெயர் ஏறியது, அப்போதும் பேசவில்லை. அண்ணன் கல்யாணத்தில் மணைக்குப் பக்கத்தில் நின்று, "மாப்பிள்ளையைத் தாலியை எடுக்கச் சொல்லுங்க" என்று ஐயரிடம் சொன்னார், தன் மகனிடம் சொல்லவில்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த வேட்டியைக் கட்டுவார். "யாரு எடுத்தது?" என்று கேட்டால், "கடையில எடுத்தது" என்பார். அண்ணன் அம்மாவிடம் மட்டும், "அப்பா சாப்பிட்டாங்களா?" என்று தினமும் கேட்பார்.

எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எஞ்சின் ஆறிக் கிடந்தது எனக்குத் தெரியும். அப்பாவுக்காகப் பொய் சொன்னவர், அதை அப்பாவிடமே மறைத்து ஏன் இப்படி வீம்பு பண்ண வேண்டும்? அப்பா கடைசியாகப் படுத்தபோது கதவோரம் நின்று கெஞ்சினேன். "அண்ணே, நான் சொல்லிடறேனே. எனக்குத் தாங்கல." அண்ணன் அழுதார், ஆனால் தலையை ஆட்டினார். "குடுத்த வார்த்தைம்மா." "யாருக்குக் குடுத்தீங்க அந்தப் பாழாப்போன வார்த்தையை?" என்றேன். அவர் வெளியே போய்விட்டார். மறுநாள் அப்பா போய்விட்டார். கொள்ளி வைத்துவிட்டு வந்த அண்ணன் மூன்று நாள் பட்டறையைத் திறக்கவில்லை.

போன வருடம் தஞ்சாவூர் மருத்துவமனையில் அண்ணன் இருபத்தோரு நாள் கிடந்தார். தினமும் காலையில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். யார் என்று கேட்டால், "வண்டி விட்ட பழக்கம்" என்பார் அண்ணன். அவர் மிராசுதாரின் மகன் என்று கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. எனக்கும் பிடிக்கவில்லை, மறைப்பானேன். ஆனால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்த அண்ணன் அவர் கையால் குடித்தார். அதனால்தான் வாய்க்கரிசி அன்று "விடுறா" என்றேன். அவர் ஏன் வந்தார் என்பது அன்று எனக்கே தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு சொன்னாருங்க. அன்னைக்கு வீட்டை விட்டுக் கிளம்பறப்பவே அவருக்குப் போக மனசே இல்லையாம். போனா கொலை விழும்னு தெரியும். போகலைன்னா பங்காளிங்க பயந்தாங்கொள்ளின்னு ஒதுக்கிட்டு, அவங்களே ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க. அப்பத்தான் வண்டி நின்னுச்சு. பத்து மணிக்குக் காரியஸ்தரு வெத்தலை வாங்கப் போயிருந்தாரு, உங்கண்ணன் உள்ளே தண்ணி குடிக்கப் போனப்ப, அப்பா எஞ்சின்ல கை வச்சுப் பாத்துருக்காரு. ஆறிப்போயிருந்துச்சாம். திரும்பினா உங்கண்ணன் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்பா கையை எடுத்துட்டாரு. 'இன்னும் சூடா இருக்கா, தம்பி?'ன்னு மட்டும் கேட்டாராம். உங்கண்ணன் கொஞ்ச நேரம் அவரு முகத்தையே பாத்துட்டு, 'இருக்குங்கய்யா'ன்னாராம். மறுநாள் அப்பா ஆள் இல்லாத நேரமாப் போயி, 'நான் தெரிஞ்சே உக்காந்திருந்தது வெளியே போனா, என் பங்காளிங்க அடுத்த அறுப்புக்கு என்னைக் கேக்காமலே ஆளை இறக்கிருவாங்க'ன்னு சொல்லிருக்காரு. உங்கண்ணன், 'எஞ்சின் சூடாத்தான் இருந்துச்சு, நேத்து சாயங்காலமே ஊருல சொல்லிட்டேன், இனிமேயும் அதைத்தான் சொல்லுவேன், இது என் வார்த்தை'னாராம்."

அந்த மிராசுதாரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை நான். லாரியை வரவழைத்தவரும் அவர்தான். ஆனால் எங்கள் வயலில் அடுத்தடுத்த அறுவடைகளிலும் லாரி வரவில்லை. அதற்கு விலையாக எங்கள் அண்ணன் கொடுத்தது அப்பாவை.

அண்ணனை இருபத்தோரு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த சந்துப் பட்டறைக்காரர்களுக்கும், ஊர்வலத்தின்போது வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நின்ற கடைத்தெருக்காரர்களுக்கும், எங்கள் அண்ணிக்குத் துணையாக ஒரு வருடம் இரவும் பகலும் இருந்த அடுத்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. கஞ்சி கொண்டுவந்தவருக்கும். இந்த வருடப் படையலுக்கு அவரையும் அழைத்திருக்கிறேன். பந்தியில் என் பக்கத்தில் உட்காருவார். கேட்க வேண்டியது இருந்தால் என்னிடம் கேளுங்கள்.

இன்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தியம் வாங்கியவர் போய்விட்டார், இனி அது என்னைக் கட்டாது.

அப்பா, எஞ்சின் ஆறித்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தவள் நான்.